பச்சைத் தண்ணீர்

“அக்கா, குழாயில பச்சைத் தண்ணி வருது” என்று தங்கை போனில் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள்.

“பின்ன, குழாயில வெந்நீரா வரும்?”

“கிண்டல் பண்ணாத. நிறமே பச்சை. நேத்து மழை விட்டதிலேருந்து இப்படித்தான். பாசியா இருக்குமோ?”

அக்காவின் சிரிப்பு நின்றுபோனது. பாசி இல்லை. அந்தப் பச்சையை மலை உச்சியில் கரைத்து ஊற்றியவளே அவள்தான்.

மண்ணுக்குள் போகும் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை ஒன்று, கழிவைக் கொட்ட உச்சியில் குழி வெட்டிவிட்டு, கசியுமா என்று அவளைக் கேட்டது. குழியில் சாயத்தை ஊற்றினாள். குழிக்கு நேர் கீழே, மேற்குச் சரிவில் ஓடும் ஓடையில் குடுவையும் கையுமாகக் காத்துக் கிடந்தாள். போன மழைக்காலம் முழுக்கக் காத்தும் சாயம் தலைகாட்டவில்லை. ‘சாயம் வரவில்லை’ என்று எழுதியிருந்தால் போதும். மகராசி, ‘நீர் எங்கும் போகவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வராததும் போகாததும் ஒன்றாகிவிடுமா? கிழக்குச் சரிவில் பேருக்கு ஒரு குடுவைகூட அவள் வைக்கவில்லை. உச்சியில் விழும் நீர் மேற்கே இறங்கும் என்று வரைபடம் சொன்னது. வரைபடத்துக்கு, வெளியே தெரிகிற மலையைத்தான் தெரியும். உள்ளே, உக்கிப்போன பாறையின் வெடிப்புகளெல்லாம் கிழக்கே சாய்ந்திருந்தன.

கிழக்கு அடிவாரத்தில்தான் தங்கை வீடு. ஊற்றிலிருந்து குழாய் போட்டு எடுத்த தண்ணீர்.

சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியை விரட்டினாள். சமையலறைக் குழாயைத் திறந்து, ஈயத்தைக் காட்டும் தாளை நனைத்தாள். சாயம் ஒரு கெடுதலும் செய்யாது. அதற்குப் பிறகு ஆலை கொட்டிய கழிவுக்குத்தான் நிறமே கிடையாது. தாள் மெல்லச் சிவந்தது.

தங்கைக்கு ஏழாம் மாதம். மூன்று முறை கலைந்து, நாலாவதாகத் தங்கிய பிள்ளை.

அக்கா எதையும் மறைக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“குழிய மூடிட்டா சரியாயிடும்ல?” என்றாள் தங்கை.

“ஆகாது. உள்ள போனது பாறையில ஊறிக் கிடக்கும். ஒவ்வொரு மழையும் பழைய தண்ணியத் தள்ளித் தள்ளி வெளிய விடும். வருஷக்கணக்கா வரும்.”

“இது எப்பலேருந்து வருது?”

“தெரியலடி. கண்ணுக்குத் தெரியாம முன்னாடியே வந்துட்டு இருந்திருக்கும்.”

தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

“கேன் தண்ணிதான் குடிக்கணும்னு டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க. இவரும் வாங்கிப் போட்டாரு. நான்தான் வேண்டாம்னேன்.”

“ஏண்டி?” அந்த வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று அக்காவுக்கு உறைத்தது.

“மேல குழி இருக்கேன்னு இவரு பயந்தாரு. எங்க அக்கா கையெழுத்துப் போட்டிருக்கா, அதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்னு சண்டை போட்டேன்.”