முப்பது புள்ளிகள்

"உங்க ஆபீசுல தப்பா விழுந்த கோட்ட இதாலதானேம்மா சுரண்டுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே, காலைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் புது பிளேடு ஒன்றை வைத்தார் மாமனார்.

மருமகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிறவள் அவள். காய்ந்த மையை பிளேடால் பதமாகச் சுரண்டி எடுக்கும் கதையைக் கல்யாணமான புதிதில் இதே மேசையில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னவளும் அவள்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

விஷயம் இதுதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடிசைக்காரர்களின் பிணம் இவர்கள் தெரு வழியாக இடுகாட்டுக்குப் போகக் கூடாது. அது தெருக் கட்டுப்பாடு. அதைக் கட்டிக் காப்பவர் மாமனார். போன மழையில் பாடையைத் தூக்கிக்கொண்டு வயல் வெள்ளத்தில் இறங்கியவர்கள் வழுக்கி விழ, பிணம் தண்ணீரில் மிதந்தது. மிதந்தவள், மருமகளின் அலுவலகத்தைப் பெருக்கும் அக்காவைப் பெற்றவள். அக்கா அழுது முடித்து, தெரு வழியாகப் பாதை கேட்டு தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். இன்று பத்து மணிக்கு விசாரணை.

"நேத்து வந்தவங்களுக்கு ஏது பாதை? பழைய படத்தக் கொண்டாந்து மூஞ்சியில வீசுறேன் பாரு" என்று சவால் விட்டு, தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய நிலப்படத்தின் நகல் கேட்டுத் தன் கையாலேயே விண்ணப்பம் எழுதியவர் மாமனார்தான். பழசு என்றால் நம்முடையதாகத்தான் இருக்கும் என்று அப்படி ஒரு நம்பிக்கை! நகலெடுக்கும் வேலை மருமகளிடமே வந்தது. மூலப்படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்துக் குனிந்தவளுக்குக் கை ஓடவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டிருந்தது. வாய்க்காலுக்கு அப்பால் பதினேழு குடிசைகள். அங்கிருந்து இடுகாடு வரைக்கும் புள்ளி புள்ளியாக நடைபாதை. இப்போது மாமனாரின் வாசல் இருக்கிற இடத்தின் வழியாகத்தான் அது போனது. தெரு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீடுகூட இல்லை, வெறும் புதர்! நேற்று நகலை அவர் கையில் கொடுக்கும்போது பயத்தில் அத்தனையையும் உளறிவிட்டாள்.

"முப்பது புள்ளி இருக்குமா? அஞ்சு நிமிஷ வேலை. சுரண்டிடு" என்றார் மாமனார்.

"மூலத்தோட ஒப்பிட்டுப் பாத்தேன்னு கீழ என் கையெழுத்து இருக்கு மாமா. வேலை போயிடும்."

"வேலை போனா இருக்க வீடு இருக்கு. வீடு போனா?"

அவர் குரலை உயர்த்தவேயில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. கணவனைப் பார்த்தாள். "அப்பா சொல்றதச் செஞ்சிடேன். ஊரோட ஒத்துப் போகணும்ல" என்று தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான் அந்த வீராதி வீரன்.

சுரண்டினாள். எட்டாவது புள்ளியில் விரலை அறுத்துக்கொண்டாள். துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சத்தையும் சுரண்டினாள். அவ்வளவு பயம்.

விசாரணை அறையில் மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மாமனார் தாளை விரித்தார். அதிகாரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தடவித் தேடினார். "பாதைன்னு எதுவும் இல்லையேம்மா" என்று அக்காவைப் பார்த்தார்.

அத்தனை நாற்காலிகள் காலியாக இருந்தும் அக்கா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "படம் யாரு வரைஞ்சது மேடம்?"

"உங்க ஆபீசுலதான்" என்று மருமகளைக் காட்டினார் அதிகாரி.

அக்காவின் முகத்தில் கோபமே இல்லை. "இவங்களா? அப்ப சரியாத்தான் இருக்கும். இவங்க பொய் எழுத மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட மருமகளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. எழுந்தாள்.

"அக்கா, போகாதீங்க. மேடம்... தாள ஜன்னல் பக்கமா தூக்கிப் பாருங்க. சுரண்டின தடம் தெரியும்."

அதிகாரி தூக்கிப் பிடித்தார். வெளிச்சத்தில் வெளிறிய தழும்புகள் குடிசைகளிலிருந்து இடுகாடு வரை வரிசையாகத் தெரிந்தன.

"யாரு செஞ்சது?"

"பிளேடு மாமா குடுத்தாரு. சுரண்டின கை என்னோடது. மூலப்படத்துல பாதை இருக்கு."

"வேலை போகும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

மூலப்படம் வந்தது. அதிகாரி புள்ளிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு மாமனாரிடம் திருப்பிக் காட்டினார். "பாதை இருக்குங்க ஐயா. உங்க தெருதான் இல்ல."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் மருமகள் பக்கம் திரும்பினார்.

"இனி என் வாசல மிதிக்காத!"

மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கே போவது, ராத்திரி எங்கே படுப்பது, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து நின்ற அக்காவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அதெப்படி மாமா மிதிக்காம இருக்க முடியும்?" என்றாள். "பாதையே அது வழியாத்தானே போகுது."