பதினோரு பற்களின் கோப்பு

மீனாக்ஷியின் மேல்வரிசைப் பற்கள் அத்தனையையும் பிடுங்கிவிடுவது என்ற முடிவு, மீனாக்ஷியைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கணவருக்குத் தெரியும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் சுந்தரேஷுக்குத் தெரியும். மருமகளுக்குத் தெரியும். பாங்காக்கில் ஒரு பல் ஆஸ்பத்திரியில், அவளை ஒருநாளும் நேரில் பார்த்திராத டாக்டருக்குக்கூடத் தெரியும். பல்லுக்குச் சொந்தக்காரியோ, 2007 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எலுமிச்சை சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு, லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து ஒன்றும் தெரியாமல் ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள்.

பாங்காக் போவது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பல் வைத்தியம் ராமசுப்ரமணியனுக்கு என்றுதான் நினைத்திருந்தாள். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல்கூடக் கிடையாது. ஏழு வருஷமாக பல்செட். தோசையைக் கடித்தால் செட் ஒரு பக்கம் நழுவும். யாராவது ஜோக் சொன்னால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். சுந்தரேஷ்தான் இன்டர்நெட்டில் தேடி, தாடை எலும்பில் நாலு திருகாணிகளை இறக்கி அதன்மேல் முழு வரிசையையும் ஒரேயடியாகப் பொருத்திவிடுகிறார்கள், கழற்றவே வேண்டாம், கரும்பைக்கூடக் கடிக்கலாம் என்று கண்டுபிடித்தான். பாங்காக்கில் அதற்கு ஒரு பேக்கேஜ். வைத்தியம், ஓட்டல், நடுவில் ஊர் சுற்றிப் பார்க்க ஒரு நாள், எல்லாம் சேர்ந்தது. மீனாக்ஷி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் ரசப்பொடியும் பருப்புப்பொடியும் சின்ன ரைஸ் குக்கரும் வாங்கி வைத்தாள். பத்து நாளைக்கு அவருக்குக் குழைந்த சாதம்தானே போட வேண்டும்.

ராமசுப்ரமணியன் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. அமைச்சகம் அவரை விட்டுவிட்டது, அவர்தான் அமைச்சகத்தை விடவில்லை. ஃப்ரிட்ஜுக்கு ஒரு கோப்பு, கேஸ் சிலிண்டருக்கு ஒரு கோப்பு, பக்கத்துவீட்டுக்காரர் பால்கனியில் தொட்டி வைத்து தண்ணீர் சொட்டுவதற்கு ஒரு கோப்பு. உப்புக்கும் புளிக்கும்தான் இன்னும் திறக்கவில்லை. வலது பக்கம் கடிதங்கள், இடது பக்கம் பச்சைத் தாளில் அவருடைய குறிப்புகள். வீடு இப்போது மீனாக்ஷி பேரில் இருந்ததால் (அவள் செக்‌ஷன் ஆபீசர், இன்னும் மூன்று வருஷ சர்வீஸ் பாக்கி) எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து தேவைப்பட்டது. எங்கே போட வேண்டுமோ அங்கே ஒரு சின்னக் காகிதத் துண்டைக் குண்டூசியால் குத்தி வைப்பார். ஃப்ளாக் என்று பெயர். இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே அவளும் ஃப்ளாக் இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவாள். முப்பத்திரண்டு வருஷம் மேலதிகாரிகளை அப்படித்தான் கையெழுத்துப் போட வைத்தவள், வீட்டில் தானும் ஒரு மேலதிகாரி ஆகிவிட்டதைக் கவனிக்கவில்லை.

அரசாங்க ஊழியர் வெளிநாடு போவதென்றால் ஆபீசில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அந்த விண்ணப்பத்தையும் அவர்தான் டைப் அடித்துக் கொடுத்தார். ஃப்ளாக் இருந்தது. போட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நிர்வாகப் பிரிவிலிருந்து வைத்தி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தான். கும்பகோணத்துக்காரன், நல்ல பையன், எதையும் உரக்கத்தான் பேசுவான்.

“மேடம், பயணத்தின் நோக்கம்ங்கற எடத்துல மெடிக்கல்னு போட்டிருக்கு. சர்ட்டிபிகேட் ஒண்ணு வைக்கணும். உடம்புக்கு என்ன மேடம், ஒண்ணும் சீரியஸ் இல்லையே?”

“எனக்கு ஒண்ணும் இல்ல வைத்தி. அவருக்குத்தான் பல் கட்டறா. நான் கூடப் போறேன்.”

“இல்லையே மேடம். செல்ஃப்னு இருக்கே. மேல் தாடை, மிச்சம் இருக்கற எல்லாப் பல்லையும் எடுக்கறதுன்னு தெளிவா அடிச்சிருக்கே.”

சுற்றியிருந்த ஆறு மேஜைகளும் நிமிர்ந்து பார்த்தன. மீனாக்ஷி தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து, அழகாக, தேதியோடு. நாக்கு தன்னாலே மேல் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டது. பதினொன்றும் இருந்தன.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவர் லோதி தோட்டத்தில் நடக்கப் போயிருந்தார். அலமாரியில் மூன்றாவது தட்டில் இருந்தது அந்தக் கோப்பு. செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

பொருள்: மேல்வரிசைப் பல் (சுய). அடைப்புக்குறிக்குள் இருந்த ‘சுய’ அடிக்கப்பட்டு, மேலே ‘மனைவி’ என்று சிவப்பு மசியில் எழுதியிருந்தது. எட்டாம் பக்கத்தில் பாங்காக்கிலிருந்து வந்த மின்னஞ்சல்: திரு. ராமசுப்ரமணியனின் ரத்தச் சர்க்கரை மிக அதிகமாக இருப்பதால் இப்போதைக்கு அறுவை சிகிச்சை செய்ய இயலாது, வருந்துகிறோம். அதற்கு நேரே பச்சைத் தாளில், துணைச் செயலாளர் இங்கிலீஷில், அவருடைய குறிப்பு: ‘முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. மார்ச் 31-க்குள் பயன்படுத்தாவிட்டால் முன்பதிவு காலாவதியாகிவிடும். இதே விலாசத்தில் வசிக்கும் மனைவிக்கும் பல் தொந்தரவு உள்ளது. அவர் பெயரைப் பதிலியாகச் சேர்க்கலாமா எனக் கேட்கலாம்.’ அதன் கீழே சுந்தரேஷின் கருத்து: நல்ல யோசனை அப்பா. மருமகளின் கருத்து: ஆட்சேபணை இல்லை. ஜனவரியில் ஈறு வீங்கியபோது ‘சும்மா ஒரு எக்ஸ்ரே’ என்று கூட்டிக்கொண்டு போனாரே, அந்தப் படம். பாங்காக் டாக்டரின் பதில்: படத்தைப் பார்த்தோம், எல்லாவற்றையும் எடுத்துவிடுவதே சிறந்தது, திருமதி மீனாக்ஷியை வரவேற்கிறோம்.

பதினேழு பக்கம். எத்தனையோ பேர் கருத்து சொல்லியிருந்தார்கள். நோயாளியின் கருத்து என்று ஒரு வரி இல்லை.

முப்பத்திரண்டு மார்ச் மாதங்களை மீனாக்ஷி ஆபீசில் பார்த்தவள். ஒதுக்கிய பணம் காலாவதியாகிவிடும் என்று மார்ச் கடைசி வாரத்தில் தேவையே இல்லாத கூலரும், நாற்காலியும், ஜமுக்காளமும் வாங்கிக் குவிப்பார்கள். அவளே எத்தனையோ முறை அந்த மாதிரி கோப்புகளை மேலே அனுப்பியிருக்கிறாள். இப்போது கூலர், நாற்காலி, ஜமுக்காளத்துக்கு அடுத்ததாக அவள் பல். அட படுபாவிகளா, வாயை வைத்துக்கொண்டு உயிரோடு ஒரு மனுஷி இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

அவர் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். “ஏன்னா, இதுல என் பேர் எப்படி வந்தது?”

ராமசுப்ரமணியன் கோப்பைப் பார்த்தார், அவள் காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். “நானே சொல்லணும்னுதான் இருந்தேன். அங்க போய் நிதானமா சொல்லிக்கலாம்னு…”

“அங்க போயா? வாயைத் திறக்கச் சொன்னப்பறமா?”

“கத்தாதே. நீதானே ஜனவரி பூரா பல் ஆடறது, பல் ஆடறதுன்னு அழுதிண்டிருந்தே? எனக்கு சுகர் முந்நூறு. அவா தொட மாட்டேன்னுட்டா. கட்டினது லாப்ஸ் ஆயிடும். உன் நல்லதுக்குத்தான்டி பண்ணினேன்.”

“ஆடறது மூணு. மிச்சம் எட்டு என்ன பாவம் பண்ணித்து?”

“அதுவும் என்னிக்காவது ஆடத்தானே போறது?”

அப்போதே சிங்கப்பூருக்கு போன் போட்டாள். மகன் மீட்டிங்கில் இருந்தான், வெளியே வந்து பேசினான். “அம்மா, டென்ஷன் ஆகாதே. இது லேட்டஸ்ட் ட்ரீட்மென்ட். ஒரு தடவை பண்ணிட்டா லைஃப்லாங் தொல்லை இல்ல.”

“மூணு பல்லை மட்டும் எடுத்து கட்டினா என்னடா?”

“அது பேக்கேஜ்ல வராதும்மா. ஃபுல் வரிசைன்னாதான் பேக்கேஜ்.”

“அப்ப என் எட்டுப் பல்லு உங்க பேக்கேஜுக்கு இடைஞ்சலா இருக்கு. அதுதானே?”

அவன் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். அன்று ராத்திரி சமையல் கிடையாது. ராமசுப்ரமணியன் பாலில் பிரெட்டைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் அவள் ஆபீசுக்குப் போகவில்லை. பஸ் பிடித்து கோல் மார்க்கெட்டில் இறங்கி, எக்ஸ்ரேயோடு சர்தாரிணி டாக்டர் என்று எல்லோரும் சொல்லும் ஒரு சீக்கியப் பெண் டாக்டரிடம் போனாள். ஆபீசில் பாதிப் பேருக்குப் பல் பார்க்கிறவர். காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் ஒரு பஞ்சாபிப் பெரியவர். லண்டனில் இருக்கிறாராம். மேலே ஒரு பல்கூட இல்லை, திருகாணிப் பல் வரிசை வைத்துக்கொள்ளவே டெல்லிக்கு வந்திருக்கிறாராம். நீங்கள் எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று இந்தியில் விசாரித்தார். “பாங்காக் போகச் சொல்றாங்க பாயிசாப்” என்று இவளும் இந்தியில் சொன்னாள். பெரியவர் பொக்கை வாயால் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். லண்டன்காரன் டெல்லிக்கு வருகிறான், டெல்லிக்காரி பாங்காக் போகிறாள், பாங்காக்காரன் எங்கே போவான் பெஹன்ஜி என்றார். மீனாக்ஷிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து முதல் முறை.

டாக்டர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடி வைத்தார். பிறகு ஒரு மெல்லிய கம்பியை எடுத்து ஒவ்வொரு பல்லாக, ஈறு ஈறாக, அரைமணி நேரம் அளந்தார். யார் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னது என்று கேட்டார். படத்தைப் பார்த்த டாக்டர் என்றாள் மீனாக்ஷி. வாயைப் பார்த்த டாக்டர் யார் என்று கேட்டார். அப்படி ஒருவரும் இல்லை.

“வெளியே உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு வேறு வழி இல்லை, அவருக்கு அது வரப்பிரசாதம். உங்களுக்கு எதற்கு? மூன்றுதான் போக வேண்டியது. எட்டும் உறுதியாக இருக்கின்றன. ஈறுகளைச் சுத்தம் செய்து, ஒழுங்காக வந்து காட்டிக்கொண்டிருந்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும்” என்று இந்தியில் சொல்லிவிட்டு, ஒரு தாளில் பற்களின் படம் போட்டு மூன்றை மட்டும் சுழித்துக் கொடுத்தார். நேராக வாயைத் திறந்து காட்டினால் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய விஷயத்தை மறைத்து வைத்துப் பதினேழு பக்கம் எழுதியிருக்கிறாரே மனுஷர் என்று நினைத்தபோது, அடங்கியிருந்த கோபம் மறுபடி பொங்கியது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டு வந்தாள்.

சண்டை போடவில்லை. சனிக்கிழமை காலை, அவர் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, பால் கார்டு, கேஸ் ரசீது, சொசைட்டி நோட்டீஸ் எல்லாவற்றோடும் சேர்த்து அந்தக் கோப்பையும் கொண்டு வந்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு ஃப்ளாக். பக்கத்தில் காபி.

“என்ன, இன்னிக்கு நீ ஃபைல் புட் அப் பண்றே?” என்று கேட்டார். அவருக்குக் குஷியாகத்தான் இருந்தது. கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். தலைப்புச் செய்தியிலிருந்து பாதிக் கண்ணை எடுத்து, பேனாவைத் திறந்து, ஃப்ளாக் இருந்த இடத்திலெல்லாம் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டார். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். கடைசியாகப் போட்டதில் மசி காய்வதற்காக ஊதியபோதுதான் தாள் பச்சையாக இருப்பதைக் கவனித்தார்.

பதினெட்டாம் பக்கம். கட்டுக்கோப்பான செக்‌ஷன் ஆபீசர் கையெழுத்தில் இருந்தது. ‘இந்தக் கோப்பில் நோயாளி இதுவரை கலந்தாலோசிக்கப்படவில்லை. நோயாளி செவ்வாய்க்கிழமை வரை தான் நோயாளி என்பதையே அறியமாட்டார். வாயைத் திறந்து பார்த்த டாக்டரின் அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. அதன்படி மூன்று பற்கள் கோல் மார்க்கெட்டில் எடுக்கப்படும். எட்டுப் பற்கள் அவற்றின் சொந்தக்காரியிடமே இருக்கும். பாங்காக் முன்பதிவு காலாவதியாகட்டும். இனி இந்த வீட்டில் ஒருவர் உடம்பைப் பற்றிய எந்தக் கோப்பும் அந்த உடம்புக்காரர் முதல் கையெழுத்து இல்லாமல் நகராது. ஒப்புதலுக்காக.’ அதற்குக் கீழே, ஒப்புதல் என்ற சொல்லுக்கு நேரே, ராமசுப்ரமணியன், இன்றைய தேதி.

அவர் முகம் சிவந்தது. “படிக்க விடாம கையெழுத்து வாங்கிட்டியே. இது நியாயமா? ஏமாத்தறதுதானே இது?”

“ஆமா, ஏமாத்தறதுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது” என்றாள் மீனாக்ஷி. “உங்களுக்குப் போனது ஒரு கையெழுத்து. எனக்குப் பதினோரு பல் போயிருக்கும்.”

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு, கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் முறையாக, அவள் வாயை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“எந்த மூணு பல்லுடி?”

ஒரு மாசமாகப் பக்கம் பக்கமாக எழுதினவர் கேட்கிற கேள்வி இது. மீனாக்ஷி கோப்பைப் பிரித்து, சர்தாரிணி டாக்டர் போட்ட படத்தை எடுத்து அவர் முன்னால் தள்ளினாள்.

“ஃபைல்ல இருக்கு. படிச்சுத் தெரிஞ்சுக்கோங்கோ.”