பச்சை என்றால் யாரும் வரமாட்டார்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவியை வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று சாமான்களைக் கையில் கொடுத்தார்கள். ராத்திரி போட வேண்டிய ஒரு புது மாத்திரை, தலையணை கனத்துக்கு ஒரு ஃபைல், அப்புறம் ஒரு குரல். குரல் என்றால், என் செல்போனில் ஏற்றிக்கொடுத்த செயற்கை நுண்ணறிவு.

"தினமும் காலைல பத்து மணிக்கு அதுவே கூப்பிடும் சார். நோயாளி எப்படி இருக்காங்க, பார்த்துக்கறவங்க எப்படி இருக்காங்கன்னு விசாரிக்கும். பதிலைப் பொறுத்து பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் போடும். சிவப்பு விழுந்தா டாக்டரே உங்களைக் கூப்பிடுவார். இனிமே நீங்க தனியா இல்ல" என்றாள் டிஸ்சார்ஜ் மேசைப் பெண். சொன்ன கையோடு என்னைத் தனியாக விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மூன்று கலரையும் ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன். எங்கள் தொழிலில் பச்சை என்றால் போகலாம். இவர்கள் தொழிலில் பச்சை என்றால் யாரும் வரமாட்டார்கள். இந்தப் பாடம் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறியது.

என் மனைவி குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்தவள். மற்றவர்கள் ஒரு புகாரை எழுதிய மை காய்வதற்குள் "சரி செய்யப்பட்டது" என்று போட்டு மூடிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவள் மட்டும் புகார் சொன்ன வீட்டுக்கே போன் போட்டு, "குழாயைத் திறங்க, தண்ணி வருதா? சத்தம் எனக்குக் கேக்கணும்" என்பாள். கேட்ட பிறகுதான் மூடுவாள். அலுவலகத்தில் இவளைக் கண்டாலே பலருக்கு ஆகாது. இப்போது டிமென்ஷியா. என் பெயர் போய்விட்டது, நான் புருஷன் என்பதும் போய்விட்டது. "சார்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறாள். ஆனால் போன் அடித்தால் போதும், இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். குரலில் ஒரு நடுக்கம் இருக்காது. அவள் ஓய்வு பெற்ற செய்தி அந்தக் குரலுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் போய் மாத்திரை வந்தது. ராத்திரி நிம்மதியாகத் தூங்குவதற்காம். மாத்திரை வேலை செய்யாமலில்லை, பாவம் அதற்குக் கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பகல் முழுக்கச் சாய்வு நாற்காலியில் அசந்து கிடப்பாள். ஊர் அடங்கியதும் எழுந்து, "ஆபீசுக்கு நேரமாச்சு சார், வழி விடுங்க" என்று வாசல் தாழ்ப்பாளை இழுப்பாள். விடியும்வரை அவள் முன்னால், நான் பின்னால். பழகுகிறவர்கள் ஓட்டும் காரில் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். இந்த வீட்டில் எனக்கு அப்படி எதையும் பொருத்திக் கொடுக்கவில்லை.

இரண்டு வாரத்தில் நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கினேன். பாத்திரம் கருகிய நாற்றத்தில்தான் முழிப்பு வந்தது. அந்தக் கோபத்தில், ஒன்றும் செய்யாத அவளைப் பார்த்துக் கத்தினேன். அவள் சுவரோரமாக ஒதுங்கி, மேலதிகாரியிடம் திட்டு வாங்குகிற புது குமாஸ்தா மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்குப் பயம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் ஒன்று நான் விழுவேன், இல்லை அவள் மேல் கை வைப்பேன். இரண்டில் எது நடந்தாலும் அவளுக்கு நாதி இல்லை. மாத்திரையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் துணைக்கு ஒரு ஆள் வர வேண்டும். அதற்கு டாக்டர் காதில் இந்தச் சங்கதி விழ வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "உங்கள் வசதிக்காக" என்று ஆரம்பித்து அந்தக் குரலிடமே தள்ளிவிட்டார்கள். நான் அதற்குத் தேன்குரல் என்று பெயர் வைத்திருந்தேன். தேன்குரலோ என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. மத்தியானம் நானாகப் பொத்தானை அழுத்தினால், "இன்றைய உரையாடல் இனிதே நிறைவடைந்தது. மனம் திறந்து பகிர்ந்துகொண்டமைக்கு நன்றி!" என்று கொஞ்சும். நான் எங்கே வாயைத் திறந்தேன்? வீட்டில் மறதிக்காரர்கள் எத்தனை பேர் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

"அப்பா, சூப்பர்ப்பா! ரெண்டு வாரமா ஒரே பச்சை. 'பராமரிப்பாளர் மிகுந்த உற்சாகத்தோடு இருக்கிறார்'னு ஆஸ்பத்திரிலேர்ந்து எனக்கு ரிப்போர்ட் வந்திருக்கு. நான்தான் வீணா கவலைப்பட்டுட்டேன். லீவு கேக்கலாம்னு இருந்தேன், இப்ப வேண்டாம்னு விட்டுட்டேன்."

"யாரு உற்சாகமா இருக்கா?"

"நீங்கதான். தினமும் பத்து நிமிஷம் பேசறீங்களே!"

பத்து மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று யோசித்தேன். குளியலறையில். காலைச் சாப்பாடு முடிந்து அவள் கண் சொருகி உட்கார்ந்திருக்கிற அந்த நேரம்தான் நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் நேரம். போன் சாப்பாட்டு மேசையில் சார்ஜில் இருக்கும். அவள் கைக்கு எட்டும் தூரம்.

மறுநாள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கதவுக்குப் பின்னால் துண்டோடு நின்றேன். என் வயதுக்கு இது தேவைதான். போன் அடித்தது. அரைத் தூக்கத்திலிருந்து அவள் கை நீண்டது. ஒலிபெருக்கியில் தேன்குரல் வழிந்தது.

"காலை வணக்கம்! பராமரிப்பாளர் பேசுகிறீர்களா?"

"ஆமா, பேசறேன். சொல்லுங்க."

"நம் நோயாளி இன்று எப்படி இருக்கிறார்?"

"நோயாளியா? இங்க அப்படி யாரும் இல்லையே. எல்லாரும் நல்லா இருக்கோம்."

"கேட்கவே ஆனந்தமாக இருக்கிறது! உங்களுக்கு ஏதாவது சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்ல. நீங்க சாப்பிட்டாச்சா?"

அது சாப்பிடாதாம். அதற்கு இவள் வருத்தப்பட்டாள். இப்படியே பேச்சு வளர்ந்தது. இரண்டு வாரத்துப் பச்சையும் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று தெரிந்துவிட்டது. நான் பாய்ந்து போய்ப் போனைப் பிடுங்கினேன்.

"இந்தா பாரு, நீ பேசிட்டு இருக்கிறதே நோயாளிகிட்டதான்! பார்த்துக்கறவன் நான். நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா உனக்கு? மாத்திரையை மாத்தச் சொல்லு உங்க டாக்டரை!"

தேன்குரல் ஒரு நொடி மூச்சு வாங்கியது. அதற்கு மூச்சு கிடையாது, ஆனாலும் வாங்கியது.

"உங்கள் உணர்வுகளை மதிக்கிறேன். இந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லை. இன்று என்ன கிழமை என்று சொல்ல முடியுமா?"

"வியாழன்."

"இன்று சனிக்கிழமை. பரவாயில்லை, நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். போனைப் பராமரிப்பாளரிடம் கொடுங்கள்."

சனிக்கிழமையா என்று நான் காலண்டரைத் தேடிய நேரத்தில் அவள் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "குடுங்க சார், நான் பேசறேன்."

"உங்கள் நோயாளி பதற்றமாக இருக்கிறார்" என்றது அது, குரலைத் தாழ்த்தி. "அவரோடு வாதாட வேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

அவள் என் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யார் சொல்லியும் எதையும் கேட்காதவள், ஒரு மெஷின் சொல்லிப் பிடித்தாள். நான் இடுப்பில் துண்டோடு, குளிக்காமல், சுத்தப் பைத்தியக்காரன் போல நின்றேன். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

"அவர் இரவில் தூங்குகிறாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு விரலைக் காட்டி என்னை அடக்கினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் குரல் மாறியது. சாப்பிட்டாச்சா என்று கேட்ட குரல் அது இல்லை, அலுவலகக் குரல்.

"எழுதிக்கோங்க. இந்த வீட்ல ஒரு பெரியவர் இருக்கார். பேர் தெரியல. ராத்திரி பூரா தூங்கறதில்ல, என் பின்னாடியே நடக்கறார். கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. அன்னிக்குப் பாலைக் கருக விட்டுட்டார். கத்தறார், அப்புறம் சமையல்கட்டுல போய் அழறார். நான் பார்த்தேன். நல்ல மனுஷன். அவருக்கு யாரும் இல்ல போலிருக்கு. இது அவசரப் புகார். உடனே ஆளை அனுப்புங்க."

அடுப்பங்கரையில் நான் அழுதது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை யாரென்று தெரியாத இவளுக்குத்தான் அது தெரிந்திருக்கிறது.

அன்றைக்கு முதல்முறையாகச் சிவப்பு விழுந்தது. மத்தியானமே டாக்டர் பேசினார். "ஃபைல்ல பெண்ணுன்னு இருக்கு, புகார் ஒரு ஆணைப் பத்தி வந்திருக்கே?" என்று குழம்பினார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அந்த மாத்திரையை இன்னிலேர்ந்து நிறுத்திடுங்க. நாளைக்கு நர்சை அனுப்பறேன், பார்த்துட்டு வேற எழுதித் தரேன். நீங்களும் உங்க உடம்பைக் காட்டிக்குங்க சார்."

சாயங்காலம் மகள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். சிவப்பு அவளுக்கும் போயிருக்கிறது. "என்கிட்ட ஏன்ப்பா ஒரு வார்த்தை சொல்லல?" என்றாள். உன் பச்சையைக் கெடுக்க வேண்டாமே என்றுதான், என்று சொல்ல வாய்வரை வந்தது. "வந்துட்டுப் போம்மா" என்று மட்டும் சொன்னேன். ஒரு மாசம் லீவு போட்டுவிட்டு அடுத்த வாரம் வருகிறாளாம்.

மறுநாள் பத்து மணிக்கு நான் குளிக்கப் போகவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"வணக்கம்! நேற்று நீங்கள் தெரிவித்த பிரச்சினை உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது. இதைத் தீர்ந்துவிட்டதாகக் குறித்துக்கொள்ளலாமா?"

எந்தப் பிரச்சினை என்று அவள் கேட்பாள் என்றுதான் நினைத்தேன். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதே அவளுக்கு நிற்பதில்லை. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். சவரம் செய்யாத தாடை, வீங்கிய கண். புகார் அங்கேயே எழுதியிருந்தது போல.

"எப்படி மூடுவீங்க? ஆள் இன்னும் வரவே இல்ல. இவர் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, நேத்தும் தூங்கல. முழுசா ஒரு ராத்திரி தூங்கட்டும். நானே பக்கத்துல இருந்து பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் மூடக்கூடாது."

போனை வைத்துவிட்டு, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"கவலைப்படாதீங்க சார். உங்க புகார் என்கிட்டதான் இருக்கு."

"சரிங்க மேடம்" என்றேன்.