இடது பக்கம்

ஆயில் கம்பியை உருவி, அதன் நுனியை விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்து பார்த்தார் கணவர். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் சற்றுத் தள்ளி நின்றாள். பழைய லாரிகள் விற்கும் அந்த யார்டில் காலையிலிருந்து ஏழெட்டு வண்டிகளைப் பார்த்தாகிவிட்டது. ஒன்றில் அடிச்சட்டம் வளைந்து வெல்டிங் வைத்திருந்தது. இன்னொன்றில் புதுப் பெயிண்டுக்கு அடியில் துரு. “மூஞ்சிக்குப் பவுடர் பூசினா ஆச்சா?” என்று அதை ஒதுக்கிவிட்டான் அவளுடைய தம்பி. அவன் மெக்கானிக், வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தால் லேசில் வெளியே வரமாட்டான். இந்த ட்ரெய்லர் லாரிக்கு அடியிலிருந்து வந்தபோது மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“மாமா, கண்ண மூடிட்டு எடுக்கலாம்.”

எடுத்தே ஆகவேண்டும். பழைய வண்டியின் இன்ஜின் சூடேறி இறுகிப்போய்விட்டது. இரும்புக்கம்பி லோடு கொடுக்கும் ஆலைக்காரர்கள் வேறு ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வண்டி, ஒரு டிரைவர், அவ்வளவுதான் அவர்கள் கம்பெனி. ஓட்டுவது அவர். போன் எடுப்பது, பில் போடுவது, லோடு தாமதமானால் திட்டு வாங்குவது எல்லாம் அவள்.

“ஓட்டிப் பாத்துட்டு வரேன். நீயும் ஏறு, முதலாளியம்மா” என்றார்.

சிரித்துக்கொண்டே ஏறி அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். ஓடுகிற லாரியில் அவர் பக்கத்தில் உட்கார்வது அவளுக்கு இதுதான் முதல்முறை. வண்டி யார்டை விட்டு வெளியேறிப் பட்டறைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் சாலையில் இறங்கியது. அவர் தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டார். பழைய வண்டி படுத்த நாளிலிருந்து காணாமல் போயிருந்த தெளிவு முகத்தில் வந்திருந்தது. “தையல் மிஷின் மாதிரி ஓடுது பாரு.”

முன்னால், இடது ஓரமாக ஒரு பெண் தண்ணீர் கேன்கள் அடுக்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பினார். ஒதுங்குவார், நிற்பார் என்றுதான் இவள் நினைத்தாள். தள்ளுவண்டி முன்கண்ணாடியின் கீழ்விளிம்புக்குள் மறையத் தொடங்கியபோதுதான் கத்தினாள்.

“என்னங்க!”

வண்டி உதறி நின்றது. கேன்கள் சாலையில் உருண்டன. அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். 

“என்ன ஆச்சு?” என்றார் கணவர். பிறகு அவசரமாக, “பிரேக் எப்படி நிக்குது பாத்தியா?”

இவள் இறங்கி ஓடிக் கேன்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு அந்தாளுக்கு?” என்றாள் அந்தப் பெண், நடுங்கிக்கொண்டே. இவள் திரும்ப வந்து ஏறி உட்கார்ந்தாள். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கன்னத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் விரல்களை விரித்தாள். இமை அசையவில்லை. கொஞ்ச நாளாகவே அவளிடம் பேசும்போது முழு முகத்தையும் திருப்பித்தான் பார்க்கிறார். வயசாக வயசாகப் பாசம் கூடுகிறது என்று அவள் மனசுக்குள் குளிர்ந்துபோயிருந்தாள்.

“எப்போலேருந்து?”

அவருக்குப் புரிந்துவிட்டது. “மொதல்ல இடது கண்ணுல புகை மாதிரி இருந்துச்சு. சரியாயிடும்னு விட்டேன். டாக்டர்கிட்ட போனா ஓட்டக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துடுவாங்க. வேற என்ன தெரியும் எனக்கு?”

“பழைய வண்டி இடது பக்கம் நசுங்கியிருந்துச்சே. சுவருல உரசிடுச்சுன்னீங்க.”

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார்.

“சத்தம் கேட்டுச்சு. இறங்கிப் பாத்தேன். யாரையும் காணோம்.”

“யாரும் இல்லையா, உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

 கியரைப் போட்டார். வண்டி அடிமேல் அடிவைத்துத் திரும்பி வந்தது. வழியெல்லாம் அவள் இடப்பக்க ஜன்னலில் தலையை நீட்டி, “ஆள் இருக்கு… போகலாம்… இருங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இப்படியே காலமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வந்துவிட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளை நடுங்க வைத்தது.

யார்டுக்காரர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவள் இறங்கிய வேகத்திலேயே தம்பியிடம் சொன்னாள். “இது வேணாம்.”

“என்னக்கா விளையாடுறியா? தவம் கெடந்தாலும் இப்படி வண்டி கெடைக்காது.”

“பிரேக் சரியில்ல.” வேறு எதுவும் வாயில் வரவில்லை.

யார்டுக்காரர் சிரித்தார். “அம்மாவுக்கு என்னங்க தெரியும்? ஐயா சொல்லட்டும்.”

எல்லோரும் கேபினை அண்ணாந்து பார்த்தார்கள். வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். யாருக்காகவும் ஒரு வண்டியைப் பற்றிக் கூட்டியோ குறைத்தோ அவர் பேசியதில்லை. இன்ஜினை அணைத்தார். வண்டியின் உடம்பு லேசாகக் குலுங்கி அடங்கியது.

“ஆமா” என்றார். “பிரேக் இழுக்குது. இடது பக்கம் இழுக்குது.”

தம்பி அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். ஒரு சக்கரம் விடாமல் அத்தனை பிரேக்கையும் கழற்றிப் பார்த்தவன் அவன். ஏதோ கேட்க வாயெடுத்தவன், கையிலிருந்த கிரீஸைத் துடைக்கத் தொடங்கினான். யார்டுக்காரர் முனகிக்கொண்டே அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

மேலே கதவு திறந்தது. கணவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கத் தொடங்கினார். இடது கால் செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. வெறுங்கால் படியைத் தேடிக் காற்றில் துழாவியது. விலகிப்போய், திரும்பி வந்து, மறுபடியும் துழாவியது.