ஆறுக்கு ஆறு

பாபநாசம் என்று பெயர் வைத்துவிட்டால் பாவமெல்லாம் நாசமாகிவிடுமா? நம்முடைய பேராசிரியர் பாபநாசம் விஷயத்தில் ஆகவில்லை. கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற மனிதர். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றோடு கொஞ்சம் கீழே இறங்கினால் வரும் தன் ஊரில், பத்துத் தெருக்கள் கூடி வைத்திருந்த சங்கத்துக்குத் தலைவர். படித்துறையை ஒட்டிச் சங்கத்துக்கு ஒரு கருமாதி மண்டபம் உண்டு. அதன் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

அந்த மண்டபத்துக்குள் எல்லாச் சாதியாரும் காரியம் செய்யலாமா என்பதுதான் ஊரைப் பிடித்த சனி. ஐந்து தெரு செய்யலாம் என்றது, ஐந்து தெரு கூடாது என்றது. தெருவுக்கு ஒரு ஓட்டு. சமமாக நின்றால் பழைய வழக்கமே தொடரும். எழுதி வைத்தால் வழக்கு வரும் என்று எழுதாமலே காப்பாற்றி வந்த வழக்கம் அது.

இந்த நேரத்தில்தான் ஆற்றங்கரைத் தெரு சங்கத்தில் சேரக் கேட்டது. காலங்காலமாக அந்த மண்டபத்துக்குள் விடப்படாதவர்களின் தெரு. அது சேர்ந்தால் ஆறுக்கு ஐந்து, கதவு திறந்துவிடும். கேட்டு வந்தவள் இசக்கி, பாபநாசத்திடம் படித்தவள், இப்போது பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் அப்பா போன வாரம்தான் இறந்திருந்தார்.

“பதினாறாம் நாள் காரியத்த மண்டபத்துக்குள்ள வச்சுச் செய்யணும் சார். எங்க தாத்தா கல்லு சுமந்து கட்டுன மண்டபம் அது. பண்ணையடிமை, கூலி கூடக் கிடையாது. கடைசியா ஒருநா அதுக்குள்ள இருக்கணும்னு அப்பா சொல்லிட்டே இருந்தாவ.”

“பாப்போம்மா” என்றார் பாபநாசம். மனசுக்குள் செய்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கூட்டத்தில் அரிசி மண்டி நடராஜ் அண்ணாச்சி எழுந்தார். “அந்தத் தெருவச் சேத்தா நாங்க அஞ்சு தெருவும் வெளியேறுதோம். பொறவு சங்கமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, பாத்துக்கிடும்.”

நாற்காலிகள் இழுபட்டன. அப்போது பாபநாசத்துக்குத் தன் பாடம் நினைவுக்கு வந்தது. அடிமை வைத்துக்கொள்ளும் மாநிலங்கள் பதினொன்று, கூடாது என்ற மாநிலங்கள் பதினொன்று. மிசௌரி அடிமைகளோடு சேர வந்தபோது, தராசு சாயாமலிருக்க அடிமையில்லாத மெய்ன் மாநிலத்தையும் கூடவே சேர்த்துக்கொண்டார்கள். நாடு உடையவில்லை. நாற்பது வருஷம் கழித்து அதே தகராறில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டது அடுத்த பாடம். அது அவருக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

“வடக்க புதுசா வந்திருக்கே, சிவகாமி நகரு, அதையும் சேத்துக்கிடுவோம்” என்றார். சிவகாமி நகர் கூடாது என்ற பக்கம்தான் ஓட்டுப் போடும் என்பது ஊரறிந்தது. ஆறுக்கு ஆறு. எல்லாரும் உள்ளே, யாருக்கும் நஷ்டமில்லை.

கைதட்டல் எழுந்தது. “படிச்ச மனுஷன் படிச்ச மனுஷன்தான் வே” என்றார் அண்ணாச்சி. போண்டா வந்தது. கடைசி வரிசையில் இசக்கி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மௌனம் சம்மதம் என்று பாபநாசம் எடுத்துக்கொண்டார். அவருக்கு வசதியான பழமொழி.

பதினாறாம் நாள் காலையில் தூறல். குளிக்கப் போனவர் படித்துறையில் நின்றுவிட்டார். மண்டபத்துக்கு வெளியே, மணலில் தார்ப்பாய் கட்டிக் காரியம் நடந்துகொண்டிருந்தது. இசக்கியின் தம்பி ஈரமண்ணில் உட்கார்ந்திருந்தான். விளக்கு அணைய அணைய ஏற்றினார்கள். பூட்டிக்கிடந்த மண்டபத்தின் முகப்பில் ஒரு நாய் நனையாமல் படுத்திருந்தது.

பாபநாசத்துக்கு வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கி அவளிடம் போனார்.

“இசக்கி, நான் திறந்து விடுதேம்மா. யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுதேன்.”

அவள் சாவியைப் பார்த்தாள். “வேண்டாம் சார். நீங்க திறந்துவிட்டு நாங்க உள்ள போறதுக்கா எங்க தெரு ஓட்டுக் கேட்டுச்சு?”

அவர் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“‘மிசௌரி சமரசத்தால் அமெரிக்க ஒன்றியம் காக்கப்பட்டது.’ நீங்க எழுதிப்போட்ட விடை சார். கிளாஸ்ல என்னைய எந்திரிச்சு வாசிக்கச் சொன்னிய. பத்துக்குப் பத்து போட்டிய. அந்த அடிமைங்க என்ன ஆனாங்கன்னு அதுல ஒரு வரி கிடையாது. நானும் கேக்கல. மார்க்கு போயிருமேன்னு பயந்துட்டேன்.” குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

தம்பி கூப்பிட, அவள் தார்ப்பாய்க்குத் திரும்பினாள். பாபநாசம் சாவியோடு படியேறினார். மேலே நடராஜ் அண்ணாச்சி தோளில் துண்டோடு நின்றிருந்தார்.

“பாத்தீரா சார், ஒரு சண்டை சத்தம் இல்லாம முடிஞ்சிட்டு. எல்லாம் உம்ம மூளை” என்றார் உரக்க.

பாராட்டு வந்தால் தலையாட்டுவது பாபநாசத்துக்கு வகுப்பறையிலிருந்தே உள்ள பழக்கம். ஆட்டினார். ஆட்டிவிட்டுத் திரும்பினால், மணலிலிருந்து இசக்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.