பெட்டியின் மேல் இருந்த கை

அன்று காலை இறந்துபோன வாப்பாவின் மேசைக்கடியில் மண்டியிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டை பாயிஸா கழற்றிக்கொண்டிருந்தாள். முன் ஹோலில் மாமா மர்சூக் ஹாஜியார் மறுபடியும் தீர்ப்பு வழங்கினார்.

"இது கரண்ட் அடிச்சுத்தான். மனிசன் கதிரையில இருந்தபடி மவுத்தாகி ஈக்கார், கை பெட்டிக்கு மேல. வேற என்ன சாட்சி வேணும்?"

ஹாஜியார் அக்குறணையில் பாதிச் சங்கங்களுக்குத் தலைவர். பந்தைக் காலால் தொட்டறியாதவர், உதைபந்தாட்டக் கழகத்துக்கும் அவரே தலைவர். மூன்று பேர் கூடினால் அவருக்கு அது கூட்டம். மைக் இல்லாதது ஒன்றுதான் குறை.

"மாமா, டொக்டர் வந்து பார்த்து ஹார்ட் அட்டாக் எண்டு எழுதித் தந்துட்டாரே," என்றான் பாயிஸாவின் தம்பி அஹ்னாப்.

"டொக்டர் மனிசனைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தாரா?"

ஹாஜியார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொலிஸுக்குச் சொல்லணும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தா, தலைவர் எண்டு என்னைத்தான் கேப்பாங்க."

பொலிஸ் வந்தால் விசாரணை. விசாரணை வந்தால் கண்டிக்குக் கொண்டுபோய் உடலை வெட்டிப் பார்ப்பார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளியில் அறிவித்தாயிற்று, குழியும் வெட்டுகிறார்கள். உள்ளறையில் வாப்பாவின் பக்கத்தில் இருந்த உம்மா றம்லத், வெட்டுவது என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததிலிருந்து ஓதுவதை நிறுத்திவிட்டா.

பாயிஸாவின் பயம் வேறு. அந்தப் பெட்டிக்குள் இருந்த பவர் சப்ளையைப் போன கிழமை போட்டது அவள்தான். பஸாரில் கம்ப்யூட்டர் திருத்துகிற அவளுடைய கடையில் கிடந்த பழையது.

"மகள், இது தானா நிண்டுபோகுது. ஒரு தட்டுத் தட்டினா வருது," என்று அதற்குப் பிறகு வாப்பா போனில் சொல்லியிருந்தார்.

"தட்டாதீங்க வாப்பா. வந்து பாக்குறன்."

ஆனால் அவள் வரவில்லை. காலையிலிருந்து அவள் வாப்பாவின் முகத்தையும் பார்க்கவில்லை.

மீட்டரை எடுத்தாள். ஒரு முனையைப் பிளக்கின் ஊசியிலும் மறு முனையைப் பெட்டியின் தகரத்திலும் வைத்தாள். கரண்ட் தகரத்துக்குக் கசிய வழியிருந்தால் மீட்டர் கத்தும். சத்தமில்லை. இடம் மாற்றி வைத்தாள். இல்லை. நிலத்துக்குப் போகும் எர்த் வயரின் ஊசியில் வைத்தபோது மட்டும் மீட்டர் நன்றாகக் கத்தியது. அப்படித்தான் கத்த வேண்டும். ஆனாலும் அது அவளுக்குப் போதவில்லை. எழுந்து போய், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற, சுவரிலிருந்த டிரிப் சுவிட்சைச் சோதிக்கும் பட்டனை அமுக்கினாள்.

டக்கென்று விழுந்தது. ஃபேன்கள் நின்றன. ஹோலிலிருந்து "யா அல்லாஹ், கரண்ட்!" என்றொரு அலறல். ஹாஜியார் இரண்டு கால்களையும் கதிரைக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்ல மாமா, நான்தான்," என்று சுவிட்சை மேலே தள்ளினாள். "அஹ்னாப், காலையில நீ வந்து வாப்பாவைக் காணக்குள்ள இது விழுந்து ஈந்ததா?"

"இல்ல ராத்தா. ஃபேன் சுத்திட்டுத்தான் ஈந்த."

"கசிஞ்சிருந்தா இது விழுந்திருக்கும். மீட்டரும் இல்லண்டுதான் சொல்லுது."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி ஏன் நின்றது என்று தெரியாமல் அவளால் வாப்பா கிடந்த அறைக்குள் போக முடியாது. பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றினாள். ஸ்கார்ஃபிலிருந்து ஊசியை உருவி வளைத்து, அதைத் தனியே ஓடவைக்கப் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்துப் பிளக்கைப் போட்டாள்.

"அடியே, ஆளைக் கொன்ன சாமான்!" என்றா பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா வாசலில் நின்று.

உள்ளிருந்த சின்ன ஃபேன் அரைச் சுற்று சுற்றியது. நின்றது. திரும்ப அரைச் சுற்று. மீட்டரில் பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் எண் சரிந்துகொண்டே போனது. டோர்ச் அடித்து ஓட்டைகளுக்குள்ளே பார்த்தாள். கப்பாசிட்டர்களின் தலைகள் அப்பம்போல் உப்பியிருந்தன.

"உள்ளுக்குப் பலமில்ல. அதான் நிண்டு நிண்டு போயிருக்கு. வெளியில ஒண்டும் கசியல்ல," என்றாள். யாரும் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னாள்.

ஹாஜியார் எட்டத்தில் நின்று, பெட்டியைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்ப?"

"ஹார்ட்தான் மாமா."

அவர் தாடியைத் தடவினார். பிறகு ஹோலுக்குப் போனார். "நல்லாக் கேட்டுக்கோங்க. பெட்டியைச் சோதிக்காம ஒரு முடிவுக்கும் வரக் கூடாதெண்டு நான் முதல்லயே சொன்னன். சோதிச்சாச்சு. ஹார்ட். குளிப்பாட்டத் தண்ணியை எடுங்க."

அஹ்னாப் சிரிப்பை அடக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். பார்த்தவர்கள் அழுகிறான் என்று நினைத்தார்கள். சிறிது நேரத்தில் அதுவும் உண்மையானது.

பாயிஸா கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். உம்மா பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டா. வாப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். கையைத் தொட்டாள், பிறகு பிடித்துக்கொண்டாள்.

"வெட்ட மாட்டாங்களே?" என்றா உம்மா மெதுவாக.

"இல்ல உம்மா."

உம்மா விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்கினா. குளிப்பாட்ட ஆட்கள் தண்ணீரோடு வந்து கதவைத் தட்டியபோது பாயிஸா உம்மாவின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உம்மா தோளை அசைக்காமல், கொஞ்சம் பொறுங்கள் என்று கதவைப் பார்த்துக் கைகாட்டினா.