மெல்லிசு கட்சி, தடிசு கட்சி

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கார் கதவுகளுக்கு உள்பக்கப் பேனல் செய்யும் கம்பெனியில் சுபஸ்ரீக்கு அட்மின் வேலை. சண்டை மூட்டிவிடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. மூண்ட சண்டையை நின்று வேடிக்கை பார்க்கும் பழக்கம் உண்டு. அந்தக் கம்பெனியில் வேடிக்கைக்குப் பஞ்சமே இல்லை. பிளான்ட் ஹெட் கோதண்டராமன் ஏசியைக் கூட்டச் சொன்னால், புரொடக்‌ஷன் ஹெட் ராஜசேகருக்கு உடனே குளிரெடுக்கும். இவர் சாம்பாரில் உப்பு தூக்கல் என்றால் அவர் ஊறுகாய் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். ஒரே தெருவில் வீடு கட்டிக்கொண்டு, தனித்தனிக் காரில், ஒருவர் பின்னால் ஒருவராக வேலைக்கு வருகிறவர்கள்.

கம்பெனியின் பதினைந்தாம் ஆண்டு விழாவுக்குத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் கைக்கடிகாரம் தருவது என்று மேலிடம் முடிவெடுத்தது. எப்படிப்பட்ட கடிகாரம் என்பதை இவர்கள் இருவருமே பேசி முடித்துச் சொல்லட்டும் என்றது. மேலிடம் தூரத்தில் இருக்கிறது. அதற்கு என்ன தெரியும்?

கோதண்டராமன் மெல்லிசு கட்சி. வெள்ளை டயல், இரண்டு முள், தோல் பட்டை. சட்டைக் கைக்குள் ஒளிந்துகொண்டு, கேட்டால் மட்டும் எட்டிப் பார்க்கிற கடிகாரம் அவருடையது. “கடியாரம்னா மணி காட்டணும். குடலைக் காட்டக் கூடாது” என்பார்.

அந்தக் குத்தல் ராஜசேகருக்கு. அவர் தடிசு கட்சி. அவர் மணிக்கட்டில் இருந்தது கடிகாரமா, கழற்றி வைத்த கியர்பாக்ஸா என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் குழம்புவார்கள். டயல் இருக்க வேண்டிய இடத்தில் சக்கரங்கள் ஓடும். மணி என்ன என்று கேட்டால் அவரே ஒரு நிமிடம் முள்ளைத் தேடுவார். கோபம் வந்தால் அவர் பேச்சிலிருந்து மேனேஜர் இறங்கி, சொந்த ஊர் ஏறிக்கொள்ளும்.

“நம்ம ஃபேக்டரிக்காரங்க சார். மெஷின் ஓடறது வெளிய தெரியணும். உங்க வாட்ச்சப் பாத்தா பேட்டரி தீந்து பட்த்துகினு கீற மாதிரி கீது.”

இரண்டு வாரம் இப்படியே போனது. கடிகாரம் சப்ளை செய்கிறவர் தினமும் சுபஸ்ரீக்குப் போன் செய்து, “மேடம், எது மேடம்?” என்று கேட்டு ஓய்ந்துபோனார். கடைசியில் கோதண்டராமன் அவளைக் கூப்பிட்டார்.

“உலகத்துல பெரிய பெரிய லக்சுரி வாட்ச் கம்பெனிங்க எல்லாம் டிசைன்ல எந்தப் பக்கம் போறாங்கன்னு ஒரு கம்பேரிசன் போடும்மா. நியூட்ரலா போடணும். மெல்லிசுதான் ஜெயிக்கும், இருந்தாலும் நியூட்ரலா போடு.”

அவள் வெளியே வந்ததும் ராஜசேகர் மறித்தார். “சுபா, அந்தக் கம்பேரிசன்ல சக்கரம் தெரியற போட்டோவப் பெருசா போடு. நியூட்ரலா இருக்கட்டும்.”

சுபஸ்ரீ போனில் மணி பார்க்கிறவள். கடிகாரத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா அதைக் குளிக்கும்போது ஜன்னலில் கழற்றி வைப்பார் என்பதுதான். வேண்டாவெறுப்பாகத் தேட ஆரம்பித்தாள். இரண்டாம் நாள் வேண்டாவெறுப்பு போய்விட்டது. மூன்றாம் நாள் கம்பெனி பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

பெயர்களே பாதிப் பொழுதுபோக்கு. பாடெக் பிலிப்பா, படேக்கா? ஆடமார் பிகேவா, பிகட்டா? ராஜசேகர் அதை ‘ஆடுமார் பிக்கெட்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பாடெக் பிலிப்பில் ஒரு வகை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாதிரி இருந்தது. கார்டியேயின் டாங்க் மாடல் நீள்சதுரம். செங்கல் சூளையில் பிறக்க வேண்டியது தவறிப்போய் நகைக்கடையில் பிறந்த மாதிரி. ஆடமார் பிகேயின் ராயல் ஓக்குக்கு எட்டு மூலை. மேலேயே எட்டு ஸ்குரூ, மறைக்கக்கூட இல்லை. டூல் ரூமிலிருந்து கிளம்பி நேரே கல்யாண ரிசப்ஷனுக்குப் போன ஆள். ரிச்சர்ட் மில் பீப்பாய் வடிவத்தில் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே காட்டிக்கொண்டு, ராஜசேகருக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருந்தது. ரோலெக்ஸ்காரர்கள் புதிதாக எதையாவது மாற்றினார்களா என்பதை உற்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. டயலில் மட்டும் திடீரென்று பஞ்சுமிட்டாய்க் கலர் அடித்து எல்லோரையும் திடுக்கிட வைத்திருந்தார்கள். பல கம்பெனிகள் பழைய மாடலைத் தூசி தட்டி மறுபடி விட்டிருந்தன. ஒரு காலத்தில் தட்டு அகலத்துக்கு வளர்ந்த கடிகாரங்கள் இப்போது மெள்ள மெள்ளச் சின்னதாகிக்கொண்டிருந்தன.

எந்தப் பக்கம் போகிறார்கள்? ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் தாம்பரம் பஸ்ஸும் காஞ்சிபுரம் பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஹாரன் அடிப்பதுபோல, ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இதை எந்தக் கட்சியிடம் சொன்னாலும் அடிதான் விழும்.

மதியம் கேன்டீனில் தென்றலிடம் சொல்லிப் புலம்பினாள். தென்றல் லைனில் பேனல் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவள், தொழிலாளர் கமிட்டியில் பெண்கள் சார்பில் இருக்கிறவள்.

“இன்னாடி நீ, லைன்ல வாட்ச் கட்னாலே சூப்பர்வைசர் கழட்டச் சொல்றாரு, பேனல்ல கீறல் வுழும்னு. எங்களுக்கு எதுக்குடி வாட்ச்சு?”

“பஸ்ல கட்டிக்கோ.”

“பஸ்ல நா தூங்கினு இல்ல வர்றேன்.” தென்றல் அப்பளத்தை நொறுக்கினாள். “ஒண்ணு குட்த்துத் தொலைங்க. உங்க சார்ங்க ரெண்டு பேரும் ஒத்துப் போவறதுக்குள்ள நா ரிட்டயர் ஆயிடுவேன்.”

ஒத்துப் போவது. அந்த வார்த்தையில்தான் சுபஸ்ரீக்குக் குறும்பு முளைத்தது. ஒருவர் மற்றவரைப் பாராட்டினார் என்று ஒரே ஒரு பொய் சொன்னால்? பாராட்டில் உருகாத மனிதர் உண்டா? இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், நடுவில் ஒரு கடிகாரம் கிடைத்துவிடும்.

சாயங்காலமே கோதண்டராமனிடம் போனாள். “சார், உங்ககிட்ட சொல்லலாமான்னு தெரியல. ராஜசேகர் சார் உங்க வாட்ச்சப் பத்திப் பேசிட்டிருந்தாரு. மெல்லிசுலதான் கெத்துன்னு சொன்னாரு சார்.”

கோதண்டராமன் உருகவில்லை. தன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ராஜசேகரா? ராஜசேகருக்கா இது பிடிச்சிருக்கு?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு சட்டைக் கையை இழுத்து அதை மூடிவிட்டார்.

அடுத்து ராஜசேகர். “சார், சக்கரம் வெளிய தெரியறதுல ஒரு நேர்மை இருக்குன்னு பிளான்ட் ஹெட் சார் சொன்னாரு.”

“அவரா? நேர்மைன்னா சொன்னாரு?” ராஜசேகர் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல வருடம் நம்பிய ஆள் ஒருவன் எதிரி வீட்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்த மாதிரி இருந்தது அவர் முகம்.

சுபஸ்ரீ நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியுடன் வீட்டுக்குப் போனாள்.

மீட்டிங் அடுத்த வாரம். முதலில் வந்தவர் கோதண்டராமன். முழுக்கைச் சட்டையின் இடது கைப் பட்டன் போடப்படாமல் விரிந்து கிடந்தது. போட முடியாது. உள்ளே எட்டு மூலையும் உருளும் சக்கரங்களுமாக ஒரு பூதம் உட்கார்ந்திருந்தது. கையை மேஜைமேல் வைத்தபோது டொக்கென்று சத்தம் கேட்டது.

பின்னாலேயே ராஜசேகர். அவருடைய தூண் போன்ற கையில் ஒரு வெள்ளை டயல், இரண்டு முள், மெல்லிய தோல் பட்டை. பயில்வானுக்குக் காப்புக்கயிறு கட்டிய மாதிரி இருந்தது.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். சுபஸ்ரீ லேப்டாப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வந்தது பயமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

முதல் ஸ்லைடு போட்டாள். கோதண்டராமன் தொண்டையைச் செருமினார். “ஒரு இண்டஸ்ட்ரின்னா இயக்கம் தெரியணும். வெள்ளையா ரெண்டு முள்ளு வெச்சா அது ஆஸ்பத்திரிச் சுவர்க் கடியாரம்.”

“இன்னா சார் பேசறீங்க?” என்று பாய்ந்தார் ராஜசேகர். “அடக்கம்தான் சார் டிசைன். குடலத் தொறந்து காட்னா டிசைனா? பாடெக் பிலிப்பப் பாருங்க.”

“ஆடமார் பிகேயைப் பாருங்க!”

“ஆடுமார் பிக்கெட்டு நமக்கு ஒத்துவராது சார்!”

ஒரு மாதம் முன்பு பேசிய அதே வசனங்கள்தான். ஆள்தான் மாறியிருந்தது. சண்டை முன்பைவிட உக்கிரமாக இருந்தது, ஏனென்றால் இப்போது இருவருக்குமே எதிராளியின் வாதம் மனப்பாடம். கமிட்டி சார்பில் வந்திருந்த தென்றல் வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அடக்க முடியாமல் ஒரு சத்தம் வெளியே வந்துவிட்டது.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். “என்னம்மா?” என்றார் கோதண்டராமன்.

மாட்டிக்கொண்டவள் எதையாவது சொல்லியாக வேண்டும். “அது ஒண்ணுமில்ல சார்… லைன்ல பாதிப் பேரு நாங்க பொம்பளைங்க. பெரிய சார் கட்டினுகீறது எங்க கையில கட்னா கை தொங்கிப்பூடும். சின்ன சார்து பட்டை ரெண்டு சுத்து வரும்.”

இருவரும் தென்றலின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். கடிகாரம் கட்டப்போகிற கை ஒன்று உண்டு என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. சுபஸ்ரீ அந்த நொடியை விடவில்லை. மளமளவென்று தள்ளிக் கடைசி ஸ்லைடுக்குப் போனாள். பெரிய கம்பெனிகள் பலவும் அளவைக் குறைத்துக்கொண்டு வருவதும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற மாதிரி செய்வதும் அதில் இருந்தது. அதன் கீழே சப்ளையர் தரக்கூடிய ஒரு கடிகாரம்: நடுத்தர அளவு, ஸ்டீல் செயின், பச்சையும் நீலமும் கலந்த டயல்.

“இதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்லிட்டிருக்கேன்” என்றார் கோதண்டராமன்.

“சார், நாந்தான் சொன்னேன்” என்றார் ராஜசேகர்.

கடிகாரம் முடிவாகிவிட்டது.

சரக்கு வந்த அன்று பெட்டிகளை எண்ணி வாங்கிய சீட்டில் கையெழுத்துக்காகப் பிளான்ட் ஹெட் அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ராஜசேகர் நின்றிருந்தார். கோதண்டராமனின் சட்டைக் கை கிழிந்திருந்தது. பூதம் எங்கேயோ கதவில் மாட்டியிருக்க வேண்டும்.

“சார், தப்பா நெனைக்கலன்னா… அத ஒரு அஞ்சு நிமிஷம் கட்டிப் பாக்கலாமா?” ராஜசேகரின் குரலில் அப்படி ஒரு பணிவை அவள் கேட்டதே இல்லை.

கோதண்டராமன் உடனே கழற்றினார். ராஜசேகரும் தன்னுடையதைக் கழற்றினார். கை மாறியது. ராஜசேகர் சக்கரங்களைக் காதில் வைத்துக் கேட்டுக் கண்ணை மூடினார். கோதண்டராமன் மெல்லிய கடிகாரத்தைச் சட்டைக்குள் விட்டு, பட்டனைப் போட்டு, நீளமாக மூச்சுவிட்டார்.

“உங்களுக்குச் சக்கரம்தான் பிடிக்கும்னா, ஏன்யா அன்னைக்கு மெல்லிச வாங்கினீங்க?”

“சக்கரத்துல நேர்மை கீதுன்னு நீங்க சொன்னதாலதான் சார் எனக்கு அது கசந்துச்சு.”

“நானா? நான் எப்போ சொன்னேன்? நீங்கதானே மெல்லிசுல கெத்துன்னு…”

“யாரு சொன்னது?”

“உங்களுக்கு யாரு சொன்னது?”

சுபஸ்ரீ ஓசைப்படாமல் பின்னால் நகர்ந்தாள். செருப்பு காட்டிக் கொடுத்தது. இரண்டு தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின.

“சுபஸ்ரீ!”

இரண்டு குரலும் ஒன்றாக வந்து அந்தக் கம்பெனி கேட்டதில்லை. அவளைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், டீ வரவழைத்தார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் கிலியாக இருந்தது. பிறகு தனியாகக் கூடிப் பேசி, இருவரும் முழுமனதாக ஒத்துக்கொண்ட முதல் முடிவை அறிவித்தார்கள். ஸ்டீல் செயினை ஒவ்வொரு கைக்கும் தகுந்தபடி கண்ணி கழற்றிச் சரிசெய்ய வேண்டும். சப்ளையர் ஆள் அனுப்ப வேண்டாம். எல்லோருக்கும் சுபஸ்ரீயே செய்து கொடுப்பாள்.

விழா அன்று கேன்டீன் மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்தாள். கையில் குண்டூசி மாதிரி ஒரு பின், ஒரு குட்டிச் சுத்தியல். வரிசை கைகழுவுமிடம் வரை நீண்டு வளைந்தது. ஒருத்தர் கை எலும்பு, ஒருத்தர் கை சதை. சிலர் தொளதொளவென்று வேண்டும் என்றார்கள். ஒருவர் தன் கடிகாரத்தை வீட்டுக்காரிக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லி, அவள் மணிக்கட்டை அளந்துவந்த நூல் ஒன்றை நீட்டினார். கட்டைவிரல் இரண்டும் சிவந்து வீங்கின.

தென்றல் முறை வந்தது. “நல்லா டைட்டா வெய்டி” என்று கையை நீட்டினாள்.

“ஒரு கண்ணி எடும்மா” என்றார் பின்னால் டீ டம்ளருடன் வந்து நின்ற கோதண்டராமன்.

“வேணாம், ரெண்டு எடு” என்றார் அவர் தோளருகில் நின்ற ராஜசேகர்.

“ரெண்டு எடுத்தா ரத்தம் ஓடாதுய்யா!”

“ஒண்ணு எடுத்தா பஸ்ல தூங்கும்போது கழண்டு வுழும் சார்!”

தென்றல் கையை நீட்டியபடியே நின்றாள். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சுபஸ்ரீ யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு கண்ணியைக் கழற்றி, இன்னும் அரைக் கண்ணி அளவைக் கொக்கித் துளையில் சமாளித்து, பூட்டிவிட்டாள். கடிகாரம் கச்சிதமாக உட்கார்ந்தது. தென்றல் கையை ஆட்டிப் பார்த்து, டயலை விளக்குக்கு நேரே பிடித்து, “நல்லாத்தாண்டி கீது” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

சுபஸ்ரீ விரலை ஊதிக்கொண்டு டீக்குக் கை நீட்டினாள். வாசலில் அடுத்த ஷிஃப்ட் உள்ளே வந்துகொண்டிருந்தது.